டீ வாசமடிக்கும் போர்வை

இன்று காலை பெட்டியைத் திறந்தேன். மூடியைத் தூக்கியதுமே மூக்கில் ஏறியது டீ வாசம். இத்தனை வருடம் ஆகியும் போகவில்லை பார். பாச்சை உருண்டை நாலு போட்டு வைத்திருந்தேன், அதையும் அமுக்கிவிட்டு மேலே வருகிறது. "ஏனுங்க, இங்க வந்து மோந்து பாருங்க" என்று இவரைக் கூப்பிட்டேன். ரிட்டயர் ஆனதிலிருந்து இவருக்குப் பேப்பர்தான் உலகம். அங்கிருந்தே, "டீ போட்டுட்டயா? எனக்கு அரை டம்ளர்" என்றார். சிரித்துவிட்டேன். அடுத்த நொடியே உன்னிடம் இதைச் சொல்ல வேண்டும் போல ஆகிவிட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ போய் இது மூன்றாவது ஐப்பசி. மஞ்சூரில் மழை இன்னும் விட்டபாடில்லை. உன் மகள் செல்வி என் வீட்டில்தான் இருக்கிறாள். நடுவட்டத்தில் அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பை முடித்து, தாய் வீட்டுக்கு அழைத்து வருவது போலவே அழைத்து வந்துவிட்டேன். தாய் வீடு இல்லை என்று எவளாவது வாயைத் திறந்திருந்தால் தெரிந்திருக்கும் சேதி. கார்த்திகையில் பிரசவம். பிள்ளைக்கு ஒரு சின்ன ஒட்டுப்போர்வை தைக்கிறேன். தையலுக்குத் தையல் நீ எவ்வளவு இடம் விடுவாய் என்று பார்க்கத்தான் நம் பெரிய போர்வையை எடுத்தேன்.

முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? கரண்ட் ஆபீஸ் குவார்ட்டர்ஸில் என் வீட்டு முன்னால் மழைக்கு ஒதுங்கினாய். டீ பேக்டரியில் ஷிப்ட் முடிந்து, தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்குப் போகிற வழி. நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து தலையணை உறைக்கு ரோஜாப்பூ போட்டுக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூரில் தையல் கிளாஸில் முதல் ஆளாகத் தேறியவள் நான். சங்கிலித் தையல், முடிச்சுத் தையல், நிரப்புத் தையல் எல்லாம் தண்ணிபட்ட பாடு. நீ வாயைப் பிளப்பாய் என்று பார்த்தால், உற்று உற்றுப் பார்த்துவிட்டு, "பூவெல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா குளிருமே" என்றாய். எனக்கு வந்த கோபத்துக்கு, ஊசியால் விரலைக் குத்திக்கொண்டேன்.

மறுநாள் உன் போர்வையைக் கொண்டுவந்து காட்டினாய். கிழிந்த சேலைகள், நடுவில் பஞ்சு, மேலிருந்து கீழ்வரை வெறும் ஓட்டுத்தையல். பூ இல்லை, கொடி இல்லை. கோடு போட்டுக்கொள்ளாமலே கோடு மாதிரித் தைத்திருந்தாய். குறை கண்டுபிடிக்கத் தேடித் தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. "இதுல என்ன கலை இருக்குது?" என்று கேட்டு வைத்தேன். "கலை தெரியாதுக்கா. எங்கம்மா கப்பல்ல வந்தப்ப என்னைய இந்த மாதிரி ஒண்ணுலதான் சுத்திக் கொண்டாந்துச்சாம். நான் சாகலை" என்றாய். இலங்கையில் இருந்து கைக்குழந்தையாக வந்த கதையை அவ்வளவு சுருக்கமாகச் சொன்னவள் நீ ஒருத்திதான்.

அப்புறம் வந்தது அந்தக் குன்னூர்க் கண்காட்சி. பெண்களின் கைவேலைக்கென்று வருடாவருடம் கார்த்திகையில் நடத்துவார்கள். வருகிறவர்களுக்கு டீ ஊற்ற உன்னைப் பேக்டரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். டீ கேன் சூடு ஆறாமல் இருக்க, உன் கையால் தைத்த சிறு போர்வை ஒன்றை அதன் மேல் சுற்றி வைத்திருந்தாய். பரிசுக்குத் துணி பார்க்கிற அம்மா ஒருத்தி, கம்பளி ஸ்வெட்டர் போட்டவள், டீ வாங்க வந்தவள் அதைத் தொட்டுப் பார்த்து, "பரவால்லயே, டீ கேனுக்குப் போத்தற துணியக்கூட ஒழுங்காத் தச்சிருக்காங்க" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிச் சிரித்தாளாம். அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே என் வீட்டுக்கு வந்தாய். முகம் சிவந்து கிடந்தது.

"அக்கா, அங்க முதல் பரிசு வாங்குனத மட்டுந்தான் வாசலுக்கு எதுத்தாப்புல செவுத்துல மாட்டுறாங்க. மத்ததெல்லாம் மேசையில கெடக்குது. அடுத்த வருசம் என் துணி அந்தச் செவுத்துல இருக்கணும். நீங்க பூப் போடுங்க, நான் தைக்கிறேன்" என்றாய். கேட்டது போல இல்லை, உத்தரவு போட்டது போல இருந்தது. எனக்குப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து எனக்கும் அந்தச் சுவர்தான் கண்ணுக்குள் நின்றது.

அடுத்த புரட்டாசியில் ஆரம்பித்தோம். நான் நடுவில் மயில் போடுகிறேன் என்றேன். "எல்லாவளும் மயிலுதான் போடுறா. மயில நீங்க எங்க பாத்தீங்க? தெனம் பாக்குறதப் போடுங்க" என்றாய். ஜன்னலைத் திறந்து கையை நீட்டினாய். எதிரில் டீச் சரிவு, கொழுந்தெடுக்கிறவர்களின் முக்காடுகள், கொண்டை ஊசி வளைவில் முனகிக்கொண்டு ஏறுகிற மஞ்சூர் பஸ். சரிவின் வரிசையெல்லாம் உன் ஓட்டுத்தையல், முக்காடெல்லாம் என் முடிச்சுத் தையல் என்று பங்கு பிரித்தோம். அந்த டீ கேன் துணியை நடுவில் வைத்துத்தான் தைக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம் உனக்கு. அதில் உள்ளங்கை அகலத்துக்கு டீக்கறை. "இதையா நடுவுல வெப்பாங்க? அறிவிருக்குதா புள்ள?" என்று கத்தினேன். "கறை மேல பஸ்ஸ ஓட்டுங்கக்கா" என்றாய். கறையை மறைக்கிற நிறத்தில் என்னிடம் அரக்கு நூல்தான் இருந்தது. எந்த ஊரிலும் இல்லாத அரக்கு பஸ் அப்படி வந்ததுதான்.

இனிமேல் எழுதப்போவதைத்தான் உன்னிடம் நேரில் சொல்லவே இல்லை.

பஞ்சை என் தம்பி கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்தான். ஐப்பசி நடுவில் ஒரு மத்தியானம் வெயில் எட்டிப் பார்த்தது. எங்கள் ஊர்ப் பழக்கத்தில் பாயை விரித்து வாசலில் பரத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். திரும்பி வருவதற்குள் மஞ்சு இறங்கி வாசலே தெரியவில்லை. அள்ளிக்கொண்டு வந்து தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. இந்த ஊரில் எதைத் தொட்டாலும் ஜில்லென்றுதானே இருக்கும் என்று மூட்டையில் கட்டி வைத்தேன். குளிரில் மரத்த கைக்கு ஈரம் எது, குளிர் எது என்று தெரியாது, கன்னத்தில் வைத்தால்தான் தெரியும் என்று நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய். மறுநாள் வந்ததும், "கன்னத்துல வெச்சுப் பாத்தீங்களாக்கா?" என்று கேட்டாய். முப்பது வயசிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், என்னை என்ன நேற்று வந்தவள் மாதிரிக் கேட்கிறாள் என்று எனக்கு வீம்பு. "அதெல்லாம் பாத்தாச்சு" என்றேன்.

பொய். நான் பார்க்கவில்லை.

நீ நம்பினாய். பஞ்சைப் பரப்பி, மேலும் கீழும் துணி வைத்து, மூன்றும் சேர்ந்து பிடிக்கிற மாதிரி சரிவு சரிவாகத் தைத்துக்கொண்டே போனாய். ஷிப்ட் முடிந்து வந்து, இருட்டுவதற்குள் இரண்டு வரிசை. நான் எதிரில் உட்கார்ந்து முக்காடு முக்காடாக முடிச்சுப் போட்டேன். கரையும் மடித்துத் தைத்து முடித்தாகிவிட்டது. கண்காட்சிக்கு ஐந்து நாள் இருக்கும்போது மடித்து வைத்த போர்வையைப் பிரித்தாய். பூஞ்சை நாற்றம் குப்பென்று அடித்தது.

போர்வையை முகத்தோடு வைத்து மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாயே, அந்தப் பார்வை. "கன்னத்துல வெச்சியா, இல்லையா?" என்றாய். அத்தனை வருடத்தில் அன்றுதான் என்னை முதன்முதலாக ஒருமையில் பேசினாய். "வெச்சேன்னு சொன்னேனில்ல" என்று அப்போதும் சாதித்தேன். கூடவே தம்பி கொண்டுவந்த பஞ்சே சரியில்லை என்று பழியை அவன் தலையில் கட்டினேன். நீ எழுந்து போய்விட்டாய். நான் அடுப்படியில் நின்று அழுதேன். பிரித்தால் உன் ஒரு மாத வேலை போச்சு. பிரிக்காவிட்டால் அந்த நாற்றத்தோடு சுவருக்குப் போக முடியுமா?

மறுநாள் ஞாயிறு. காலையிலேயே வந்து நின்றாய். "எடு அத. ஸ்டோருக்குப் போலாம்." பேக்டரியை உன் வீட்டில் ஸ்டோர் என்றுதான் சொல்வீர்கள், உன் அம்மா கொண்டுவந்த பேச்சு அது. மழையால் கொழுந்து வரத்துக் குறைந்து, வாட்டு மாடியில் ஒரு தொட்டி காலியாகக் கிடந்தது. பறித்த கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து வெதுவெதுப்பான காற்றை விட்டு வாட்டுவார்களே, அந்த நீளத் தொட்டி. டீ மேக்கர் ஐயாவிடம் நீ எப்படிப் பேசி வைத்திருந்தாயோ, "மூணு மணிக்குக் கொழுந்து லாரி வந்துரும். அதுக்குள்ள எடுத்துரணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

போர்வையைத் தொட்டியின் கம்பி வலைமேல் விரித்தோம். காற்றாடி ஓடத் தொடங்கியதும் நம் டீச் சரிவு அப்படியே உப்பி எழுந்தது. அரைமணிக்கு ஒருதரம் புரட்டினோம். நீ ஒரு முனை, நான் ஒரு முனை. புரட்டுகிறபோதெல்லாம் நீ குனிந்து கன்னத்தை வைத்துப் பார்த்தாய். "இன்னும் இல்ல." மறுபடி, "இன்னும் இல்ல." பக்கத்துத் தொட்டிகளில் வாடுகிற கொழுந்தின் வாசம் மாடி முழுக்க இறங்கிக் கிடந்தது. இரண்டரை மணிக்கு நீ கன்னத்தை வைத்தாய், எடுக்கவே இல்லை. அப்படியே படுத்தவாக்கில், "காஞ்சிருச்சு புள்ள" என்றாய். நானும் மோந்து பார்த்தேன், பூஞ்சை நாற்றம் போய் டீ வாசம்தான் அடித்தது. அக்கா அன்றோடு போயிற்று. நான் வயசில் மூத்தவள் என்பதையே மறந்துவிட்டு உன்னைக் கட்டிக்கொண்டு குதித்தேன்.

குன்னூரில் அதே ஸ்வெட்டர் அம்மா. மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். நம் போர்வையிடம் நின்றாள். பஸ்ஸைப் பார்த்தாள், முக்காடுகளைத் தடவினாள், உன் தையலைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். முன்பக்கம் எப்படியோ பின்பக்கமும் அப்படியே. பிறகு மூக்கைச் சுருக்கி, "என்ன இது, டீ வாசம் அடிக்குது?" என்றாள். நான் உன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். நீயோ கையைக் கட்டிக்கொள்ளக்கூட இல்லை. நிமிர்ந்து நின்று சொன்னாய்:

"அடிக்குங்கம்மா. நடுவுல இருக்கறது போன வருசம் டீ கேனுக்குப் போத்துன துணி. ஒழுங்காத் தச்சிருக்குன்னு நீங்கதான் சொன்னீங்க."

அந்த அம்மாவின் முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனால் நல்லவள்தான். ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஒரு முனையைத் தானே தூக்கினாள். "மறு முனையப் பிடிங்க. செவுத்துல மாட்டணும்" என்றாள். வாசலுக்கு எதிர்ச் சுவர். உள்ளே வருகிறவர்கள் எல்லாரும் முதலில் பார்த்தது நம் அரக்கு பஸ்ஸைத்தான். டீ ஊற்ற வந்திருந்த பெண் ஒருத்தி கேனை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்று பார்த்தாள். நீ அவளிடம் போய் ஒரு டீ வாங்கிக் குடித்தாய். நின்றுகொண்டு, நிதானமாக, அந்தச் சுவருக்கு நேர் எதிரில். அந்த டீயை நீ குடித்த அழகு இருக்கிறதே! பஸ்ஸில் வரும்போது லவ்டேல் தாண்டியும் நமக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

போர்வை யாருக்கு என்று சண்டை போட்டு, குளிருக்கு உனக்கு, கோடைக்கு எனக்கு என்று முடிவு செய்தோம். எட்டு வருடம் அது சரிவில் ஏறியும் இறங்கியும் போயிற்று. காய்ச்சல் என்று படுத்து நாலே நாளில் நீ போன பிறகு, செல்வி கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். குளிர்காலம் அது. உன் முறை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இன்று காலை செல்வி என் எதிரில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சின்னப் போர்வைக்குப் பஞ்சை எடுத்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். என்ன தோன்றியதோ, சொல்லிவிட்டேன். "செல்வி, அன்னிக்கு நான் கன்னத்துல வெச்சே பாக்கல. உங்கம்மாகிட்டப் பொய் சொன்னேன். ரெண்டு தடவை."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள் உன் மகள். "பெரியம்மா, அது லயத்துக்கே தெரியும். நீங்க முழிச்ச முழியிலயே அம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. 'பொய்யின்னு சொன்னா அது அழுதுரும், விட்டுட்டேன்'னு சொல்லும். அப்புறம், 'அவ பொய் சொல்லலைன்னா போர்வைக்கு டீ வாசம் ஏது? டீ வாசம் இல்லாட்டி அந்தம்மாகிட்ட நான் அப்படிச் சொல்லியிருப்பனா? பொய் சொல்லி ஜெயிக்க வெச்சவடி உங்க பெரியம்மா'ன்னு ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்."

அடிப்பாவி. எட்டு வருடம் எனக்கு எதிரில் உட்கார்ந்து நூல் கோத்துக்கொண்டு, தெரியாத மாதிரியே இருந்திருக்கிறாய். எனக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. இரண்டில் எதை நிறுத்துவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம் மழை கொஞ்சம் விட்டது. ஜன்னலுக்கு வெளியே மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. பஞ்சு ஜில்லென்றுதான் இருந்தது. கையை நான் நம்பவில்லை. ஒரு பிடி அள்ளினேன், கண்ணை மூடினேன், கன்னத்தில் வைத்தேன். எடுக்கவே இல்லை, நீ எடுக்காத மாதிரியே.

வைத்துப் பார்த்தேன் புள்ள. இந்த முறை நிஜமாகவே பார்த்தேன். காய்ந்திருக்கிறது.