மறுநாள் வான்கோழி

டீச்சர்,

இன்று மத்தியானம் வெள்ளரிக்காய் நறுக்கினேன். நீங்கள் செய்வது போலவே காம்புப் பக்கம் ஒரு வில்லை சீவி, அதை வெட்டுவாயில் வைத்துச் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். வெள்ளை நுரை எழும்பியது. கசப்பு போக எல்லோரும் செய்கிற வேலைதான் இது. ஆனால் அந்த நுரையோடு கிளம்புகிற பச்சை வாசனை எனக்கு உங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்துவிடுகிறது. ஜன்னலுக்கு வெளியே பனி. பனிக்குள் உங்கள் வான்கோழி பாதி உருவமாய், யாரோ உதறிப் போட்ட சாம்பல் நிறச் சேலை தானாக எழுந்து நடக்கிற மாதிரி போய்க்கொண்டிருக்கிறது. கத்தியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நாம் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நீங்கள் கணக்கு டீச்சர், நான் அறிவியல் டீச்சர். ஓய்வு பெற்று, உத்திரமேரூரில் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் உட்கார்ந்துகொண்ட பிறகும் அந்த அழைப்பு மாறவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று உங்கள் வீட்டில் வான்கோழிக் குழம்பு. நெஞ்சுக்கறி மட்டும் குழம்பில் சக்கையாகிவிடும் என்று உப்பும் மிளகும் போட்டுத் தனியாக வேகவைத்து எடுத்து வைப்பீர்கள். மறுநாள் காலை அது சாலட் ஆகும். ஆசிரியர் பயிற்சி விடுதியில் கற்றுக்கொண்டது என்பீர்கள். துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர், வெள்ளரி, கேரட், ஒன்றிரண்டாகப் பொடித்த வேர்க்கடலை, மிளகுத்தூள், கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு. எல்லாவற்றையும் பெரிய சட்டியில் பிசறி, முதலில் எனக்கு ஒரு கிண்ணம் அள்ளி வைத்துவிட்டுத்தான் கறியைப் போடுவீர்கள். நான் கோவில் கைங்கர்யம் செய்கிற குடும்பத்தில் பிறந்தவள். கறி தின்றதில்லை. ஆனால் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, நீங்கள் கறியை நார் நாராகப் பிரிப்பதை வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன்.

"வான்கோழி இல்லாத வான்கோழி சாலட் தின்ற ஆளு இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான் டீச்சர்" என்பீர்கள். நான் சிரிக்கப் பார்ப்பேன். வாய் நிறைய வேர்க்கடலை இருக்கும்.

வகுப்பில் கலவைக்கு எடுத்துக்காட்டு கேட்டால் பிள்ளைகள் மணலும் உப்பும் என்பார்கள். சரி என்று தலையாட்டுவேன். மனசுக்குள் உங்கள் சட்டிதான் வரும். அதில் எது எது இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

புரட்டாசியில் நீங்கள் கண் மூடினீர்கள். அதற்குப் பிறகு உங்கள் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், வீட்டில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு பன், ஒரு டீ. அவ்வளவுதான். கண்டக்டராக இருந்தபோது சட்டைப் பட்டன் தெறிக்கிற மாதிரி இருந்த மனிதர். இப்போது அதே சட்டை கொடியில் காய்கிற மாதிரி அவர் மேல் தொங்குகிறது. எதிரே பார்த்தால் சாப்பிட்டாச்சு என்பார். முகத்தைப் பார்த்தாலே தெரியும், இல்லை என்று. நீங்கள் ஆடியிலிருந்து வளர்த்த வான்கோழிக்கு மட்டும் வேளா வேளைக்குத் தீனி வைத்தார்.

பெங்களூரிலிருந்து உங்கள் பெண் கிறிஸ்துமஸுக்கு வந்தாள். உங்கள் கைப்பக்குவத்தை நினைவில் வைத்துத்தான் குழம்பு வைத்தாள். அண்ணன் சோற்றைப் பிசைந்தாராம், பிசைந்துகொண்டே இருந்தாராம், கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டாராம். மறுநாள் விடிந்ததும் அவளுக்கு டியூட்டிக்குத் திரும்ப வேண்டும். பையை மாட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், நைனா இப்டியே இருந்தா படுத்துடுவாரு. நெஞ்சுக்கறி ஃப்ரிட்ஜ்ல கீது. அம்மா பண்றத நீங்கதான் கூட இருந்து பாத்திருக்கீங்க."

நான் கறியைத் தொட மாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். ருசி பார்க்கவும் முடியாது. இசை கேட்டே அறியாதவள், வாசிப்பவரின் விரல்களை மட்டும் பார்த்துப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் போன மாதிரிதான். ஆனாலும் போனேன்.

பனி இன்னும் விலகவில்லை. கோவில் ஒலிபெருக்கி ஏதோ தூரத்து ஊரிலிருந்து வருவது போலக் கேட்டது. வான்கோழி இல்லாத கொல்லை ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது. அண்ணனை மேசையில் உட்கார வைத்தேன். வழக்கமாக நான் உட்காரும் பக்கம் நான். உங்கள் பக்கம் அவர். தயிரும் காயும் நான் பார்த்துக்கொண்டேன். கறி அவர் பொறுப்பு. அவர் கத்தியை எடுத்தபோது வேண்டாம் என்று சொல்லி, வாழை நார் கிழிக்கிற மாதிரி நார் போகிற பக்கமாகவே இழுக்கச் சொன்னேன். பஸ்ஸில் டிக்கெட் கிழித்த கை, சீக்கிரமே பழகிக்கொண்டது.

அப்புறம் ஒன்று செய்தேன். அண்ணன் கூழுக்குப் பச்சை வெங்காயம் கடித்துக்கொள்கிற ஆள். உங்கள் வீட்டில் வெங்காயம் இல்லாமல் எதுவும் இறங்காது. எங்கள் வீட்டில் மார்கழி முழுக்க வெங்காயம், பூண்டு கிடையாது என்பதால், நான் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு நீங்கள் வெங்காயம் போடுவீர்கள் என்று நான் எப்போதோ முடிவு கட்டியிருந்தேன். அதனால் வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிப் போடும்படி அண்ணனிடமே சொன்னேன். அவர் கண்ணில் நீர் வந்தது. வெங்காயத்துக்கு வந்தது என்று இருவருமே வைத்துக்கொண்டோம்.

ஒரு வாய் எடுத்து வைத்தார். மென்றார். மெல்வது நின்றது. கிண்ணத்தை மெல்ல மேசையில் வைத்தார். எழுந்துவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

"வெங்காயம் போட்டுட்டோமே டீச்சர். அவ போட மாட்டா."

நான் போன பிறகு போடுவீர்கள் என்று நினைத்ததைச் சொன்னேன். அண்ணன் இல்லை என்று தலையசைத்தார்.

"இன்னாடி இது, வெங்காயம் இல்லாம சப்புனு கீதேன்னு நானும் மொதல்ல கேட்டேன். டீச்சருக்கு மார்கழி, அவங்களுக்கு அள்ற சட்டிதான் நமக்கும், அவங்க தின்ற ருசியவே நாமளும் தின்னா இன்னா கொறஞ்சுடப் போவுதுன்னுட்டா. அப்பறம் எனக்கு அதுதான் ருசின்னு ஆயிப்போச்சு. இப்ப வெங்காயம் இருந்தா, அவ இல்லாத மாதிரி கீது."

எனக்கென்று ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைக்கிறீர்கள் என்றுதான் நான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் வீடு முழுவதுமே என்னோடு மார்கழி இருந்திருக்கிறது. ஒரு நாள்கூட நீங்கள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

பாதிக் கறி மிச்சம் இருந்தது. வேறு சட்டி எடுத்தேன். மறுபடி தயிர், வெள்ளரி, கேரட், வேர்க்கடலை. எலுமிச்சையை அண்ணன் பிழிந்தார். கறியைப் போடப் போனவர் கையை நிறுத்தினார். எழுந்து அலமாரியைத் திறந்து, நீங்கள் எனக்கு வழக்கமாக அள்ளி வைக்கிற, பச்சைக் கரை போட்ட வெள்ளைக் கிண்ணத்தைத் துடைத்து எடுத்துவந்தார். கறி படாத கரண்டியால் நிறைய அள்ளி என் பக்கம் தள்ளினார்.

"மொதல்ல ஒங்களுது."

பிறகு கறியைப் போட்டுக் கலந்து, சாப்பிட்டார். சட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த தயிரை விரலால் வழித்து முடித்தபோது ஜன்னலில் வெயில் வந்திருந்தது. மத்தியானம் சாதம் வடிப்பதாக இருந்தால் அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் வைப்பது என்று என்னிடம் கேட்டார்.

இப்போது அண்ணனே சமைக்கிறார். சாதம் சில நாள் குழைகிறது, சில நாள் விதை விதையாக நிற்கிறது. டீக்கடைக்கு டீ குடிக்க மட்டும் போகிறார்.

தை பிறந்துவிட்டது, டீச்சர். எங்கள் வீட்டுக் கூடையில் வெங்காயம் வந்துவிட்டது. இன்று வெள்ளரிக்காய் நறுக்கி முடித்து, பழக்கத்தில் ஒரு வெங்காயத்தை எடுத்தேன். தோலை உரிக்காமல் திரும்பக் கூடையிலேயே வைத்தேன். சப்பென்றுதான் இருந்தது. கிண்ணம் காலியாகும் வரை மெதுவாகத் தின்றேன்.