கடைசிப் பாரத்தில் ஐந்து பக்கம்

குவெங்கா,
மே மாதம், மழை விடாத ஒரு ஞாயிறு.

அன்புள்ள எவுலாலியாவுக்கு,

நீயும், முர்சியாவில் நீ பார்த்துக்கொள்ளும் அந்த வயதான அம்மாளும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, மற்றபடி நான் சௌக்கியம். எதிர்வீட்டு சோய்லா ஸ்பெயினுக்குக் கிளம்புகிறாள். உன் நாவலின் மெய்ப்புக் கட்டு, சுட்ட கூய் கறி, அவித்த சோளம் எல்லாவற்றையும் அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். கறியை முதலில் பிரி. போன வருஷம் போல ஊசிப் போனபிறகு என் மேல் பழி போடாதே.

போனில் நீ புத்தகத்தைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் நான் "சாப்பிட்டாயா, அங்கே குளிரா" என்று பேச்சை மாற்றுவது உனக்குத் தெரிந்திருக்கும். போனைக் கையில் எடுத்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் கடிதம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள், நான் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவன்.

நீ கேட்டவற்றை எல்லாம் பதிப்பகத்து நொயெமி அம்மாவிடம் கேட்டுவிட்டேன். முதலில் ஒப்பந்தம். நீ சொன்னபடி உனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் போனேன். அவர் என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்காத குறை. "முதல் புஸ்தகம்னா ஆளுங்க எதைக் காட்டினாலும் கையெழுத்துப் போட்டுடறாங்க. அஞ்சு வருஷத்துக்கு மேல உரிமைய எவனுக்கும் எழுதிக் கொடுக்காதீங்கன்னு உங்க சம்சாரத்துகிட்ட சொல்லுங்க. எனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்" என்றார். சினிமா உரிமை, வேறு மொழி உரிமை எல்லாம் உன்னிடமே இருக்கட்டுமாம். தனக்கே எதிராக யோசனை சொல்லும் மனுஷியை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

முந்நூறு பிரதி போதும் என்கிறார். ஆயிரம் அடித்தவர்கள் வீட்டிலெல்லாம் கட்டிலுக்கு அடியில் புத்தகம்தான் தூங்குகிறதாம். வெளியீட்டு விழாவில் யாருக்கும் சும்மா கொடுக்கக் கூடாது என்பதில் அவர் கறார். உன் அண்ணன் இப்போதே "எனக்கு எத்தனை காப்பிடா?" என்று கேட்டான். கடைக்கு வந்து வாங்கிக்கொள் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டான். அட்டையில் நீ ஆசைப்பட்ட அந்தச் சுருள் எழுத்து வேண்டாம். மாதிரி அட்டையைக் கடை வாசலில் நின்று பார்த்தேன், ஒரு எழுத்தும் புரியவில்லை.

அடுத்தது டாக்டர் விந்திமில்லாவின் அணிந்துரை. இந்த ஊரில் முதல் புத்தகம் போடுகிற யாரும் ஒரு பெரிய மனிதரின் அணிந்துரை இல்லாமல் போடுவதில்லை. சட்டையில்லாமல் மாதா கோயிலுக்குப் போகிற மாதிரி நினைக்கிறார்கள். நீயும் அவரையே பிடிக்கச் சொன்னாய். நான் எட்டு மாதம் அலைந்தேன். ஒவ்வொரு தடவையும் "அணிந்துரைன்னா என்னப்பா, அடுப்புல வெக்கிற சோறா? அது பாட்டுக்கு வரும்" என்பார், பிறகு வீட்டு ஃப்ரிட்ஜைக் காட்டுவார். அதை மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன். கடைசியில் அணிந்துரை வந்தது. நான்கு பக்கம். மூன்று பக்கம் அவர் கல்லூரியில் கவிதைப் பரிசு வாங்கிய கதை. நான்காவதில் உன் நாவல் வருகிறது, அதிலும் உன் கதாநாயகி மக்தலேனாவை மார்கரித்தா என்று எழுதியிருக்கிறார். நொயெமி அம்மா படித்துவிட்டு, "இத்தன மாசம் இதுக்காகவா புஸ்தகத்த நிறுத்தி வெச்சோம்?" என்றார். அதைச் சேர்க்க வேண்டாம் என்று ஒதுக்கியும் வைத்துவிட்டார். உன் புத்தகம் போன கிறிஸ்துமஸுக்கே வந்திருக்க வேண்டியது.

மெய்ப்பை வெளியாள் ஒருவர் பார்க்க வேண்டும், கதை தெரிந்தவர் கண்ணுக்குப் பிழை படாது என்று ஒரு வாத்தியாரை வைத்துத் திருத்தியிருக்கிறார்கள். சிவப்பு மையில் இருப்பது அவருடையது. பென்சில் குறிகள் என்னுடையவை.

ஆமாம், நான் படித்தேன், எவுலாலியா. முழுவதும். நீ இங்கே இருந்த பதினெட்டு வருஷம் அதே சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினாய். நான் எதிரில் ரேடியோவில் பந்தாட்டம் கேட்டுக்கொண்டிருந்தேன். என்ன எழுதுகிறாய் என்று எட்டிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. நீ கடல் தாண்டிப் போய் ஆறு வருஷத்துக்கு அப்புறம், ஒரு அச்சகத்துக் காகிதக் கட்டில் நீ என்ன நினைத்துக்கொண்டிருந்தாய் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ரொம்ப வருத்தமாக இருக்கிறது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

கதையில் உயிரோடு இருக்கிறவர்களை எழுதினால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்பதும் நொயெமி அம்மாவின் வழக்கம். என்னை உட்கார வைத்துக் காபி கொடுத்தார். "கதையில வர்ற புருஷன் ஆபெல் கடிகாரம் ரிப்பேர் பண்றவர்னு எழுதியிருக்காங்க. ஃப்ரிட்ஜ கடிகாரமா மாத்திட்டா நம்ம சான் பிளாஸ் பேட்டைக்காரங்களுக்குத் தெரியாதா? ஒங்களுக்கு ஆட்சேபம் ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்றார். சாப்பாட்டு மேசையில் வாயே திறக்காத மனுஷன் யார் என்று ஊருக்கே தெரியும்தான். எனக்கு ஆட்சேபம் இல்லை என்று சொல்லிவிட்டேன். நீ ஒரு வரியும் பொய் எழுதவில்லை. கடிகாரத்தின் சுருள்வில்லைப் பற்றி எழுதியதில் மட்டும் தப்பு இருந்தது, பென்சிலால் திருத்தியிருக்கிறேன்.

நூற்றுப் பத்தாம் பக்கத்தில், "ஆபெல் அவளுக்கு ஒரு கடிதம்கூட எழுதியதில்லை" என்று இருக்கிறது. அதில் நான் கை வைக்கவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்தபிறகு நீயே பார்த்துக்கொள்.

இனி அச்சகத்துச் சமாசாரம். இதற்குத்தான் உன் பதில் அவசரமாக வேண்டும். புத்தகத்தைப் பக்கம் பக்கமாக அச்சடிக்க மாட்டார்களாம். பதினாறு பக்கம் சேர்ந்தால் ஒரு பாரம். உன் கதை நூற்று எண்பத்தேழாம் பக்கத்தில் முடிகிறது. விமான நிலையத்தில் மக்தலேனா ஊருக்கு வாங்கிய டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்பி நடக்கிறாளே, அங்கே. பன்னிரண்டு பாரம் என்றால் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. ஐந்து பக்கம் காலி. அச்சக லவ்ரோ, "செர்வியோ அண்ணே, எதுக்கு வெத்துத் தாள்? டாக்டரோட அணிந்துரையத் தூக்கி முன்னாடி போட்டா கணக்கு கிட்டத்தட்ட சரியா வந்துடும்ல" என்றான். நொயெமி அம்மாவும் டாக்டரைப் பகைத்துக்கொள்வானேன் என்று கொஞ்சம் இறங்கி வந்தார்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. நான் வாயைத் திறந்து ஒன்றை வேண்டாம் என்று சொன்னதைப் பார்த்து இருவரும் திகைத்துப் போனார்கள். எழுதியவளைக் கேட்காமல் அந்தப் பக்கங்களை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்றேன். சோய்லா அடுத்த மாதம் பத்தாம் தேதி திரும்புகிறாள், அதுவரை இயந்திரத்தில் ஏற்றுவதில்லை என்று லவ்ரோவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

கதையை மாற்று என்று நான் கேட்கவில்லை. அவள் ஏன் திரும்பவில்லை என்பது எனக்கு நன்றாகப் புரிகிறது. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அந்த ஆபெலிடம் திரும்பி வந்திருக்க மாட்டேன். ஆனால் விமான நிலையத்திலிருந்து வெளியே நடந்தவள் அப்புறம் எங்கே போனாள் என்று படித்து முடித்த நாளிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஏதாவது எழுதத் தோன்றினால் ஐந்து பக்கம் இருக்கிறது. தோன்றாவிட்டால் டாக்டருக்கு வேண்டாம், வெறுமையாகவே விட்டுவிடலாம். வெற்றுத் தாளுக்கு ஆகும் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வெயிலில் தலையை மூடிக்கொண்டு நட. கடவுளும் கன்னிமாதாவும் உன் கையை விடாமல் பார்த்துக்கொள்ளட்டும். உன் மேசையை நான் நகர்த்தவில்லை. அதற்கு மேலே மட்டும் கூரை ஒழுகவில்லை. ரேடியோவை அறைக்குள் எடுத்து வைத்துவிட்டேன்.

பத்தாம் தேதி வரை காத்திருக்கும்,
செர்வியோ