புள்ளிப்பொடி

பிப்ரவரி 9
ஏலக்கூடத்தில் இன்றும் தூண்டில் படகுகளின் மீன் மட்டும்தான். தரம் பிரிக்க உட்கார்ந்தால், கை ஈரமாவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. துறைமுகச் சங்கம் இழுவைப் படகுகளுக்குத் தடை போட்டு இது நான்காவது வருடம். அவர் தன் இழுவைப் படகோடு, தடை இல்லாத தூரத்துத் துறைமுகத்துக்குப் போனதும் அப்போதுதான்.

போனில் முதல் கேள்வி, “மீன் வந்துச்சா?” பெண்டாட்டி எப்படி இருக்கிறாள் என்பதெல்லாம் அப்புறம். மீன் பெருகித் தடையை எடுத்தால்தான் அவருக்கு வீடு. மீனுக்காக இப்படி ஏங்குவதற்கு நான் பூனையாகவே பிறந்திருக்கலாம்.

பிப்ரவரி 27
அவர் சட்டை ஒன்றை எடுத்துத் துவைத்தேன். அழுக்கே இல்லை. சும்மா கொடியில் தொங்கட்டும் என்றுதான்.

ஏப்ரல் 16
கொழுந்தன் தன் தூண்டில் படகிலிருந்து இறக்கிய கூடையில் முழங்கை நீளத்துக்கு ஒரு மீன். வால் பக்கம் கறுப்புப் புள்ளி.

“இது என்ன மீன்?”

“என்ன அண்ணி, இத்தனை வருஷமா பிரிக்கிறீங்க, தெரியலையா? புள்ளிப்பொடிதான். வளர்ந்துருச்சு.”

புள்ளிப்பொடியா! விரல் நீளத்துக்கு மேல் நான் பார்த்ததே இல்லையே. இழுவைப் படகுகள் ஓடிய காலத்தில், கழிசலோடு கழிசலாகக் கோழித் தீவனத்துக்குச் சாக்குச் சாக்காக அள்ளுவோம். அதன் வளர்த்தியே அவ்வளவுதான் என்று நினைத்து நாங்கள்தான் பொடி என்று பெயர் வைத்தோம். அப்படியானால் அத்தனையும் குஞ்சுகளா? இதன் வயிற்றைக் கீறினால் இரண்டு பக்கமும் முட்டை.

மே 2
மீன் வந்துவிட்டது என்று சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பு! “அப்போ தடைய எடுத்துருவாங்க. படகோட வந்துருவேன்டி.”

போனை வைத்த பிறகும் காதிலிருந்து எடுக்க மனமில்லை. அவர் வரவேண்டும். ஆனால் வலையும் கூடவே வரும். ஏன், இரண்டும் சேர்ந்துதான் வரவேண்டுமா?

ஜூன் 11
துறைமுகச் சங்கத்தில் கூட்டம். தடையை எடுக்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்க வேண்டும். ஏலக்கூட மேஸ்திரி என் பக்கம் குனிந்து, “தூக்கும்மா, உன் புருஷன் வரவேண்டாமா?” என்றார்.

வேண்டும். இந்தக் கூட்டத்தில் வேறு யாருக்கும் இவ்வளவு வேண்டியிருக்காது. ஆனாலும் கை மடியை விட்டு எழவில்லை. தூக்கிய கைகள் குறைவு. தடை தொடர்கிறது.

வீட்டுக்கு வந்து அழுதேன். என்ன பொம்பள நான்? மீன் குடும்பத்தோட இருக்கட்டும்னு நெனச்சவ, தன் குடும்பத்த நெனக்கலையே —

ஜூன் 13
யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். “நீ கை தூக்கலையாமே?”

“தூக்கல. நீங்க வாங்க. படகு வேணாம்.”

“படகு இல்லாம நான் யாருடி?” போனை வைத்துவிட்டார்.

ஜூலை 20
போன் இல்லை.

ஆகஸ்ட் 8
என் போன்தான் கெட்டுவிட்டதோ என்று கொழுந்தனை விட்டு அடிக்கச் சொன்னேன். நன்றாகத்தான் அடிக்கிறது, பாழாய்ப்போனது.

செப்டம்பர் 5
வந்துவிட்டார். தோளில் ஒரு பை. படகை அங்கேயே விற்றாயிற்று. “அங்கயும் இப்போ பொடிதான் வருது” என்றார். பிறகு, “சாப்பாடு இருக்கா?” தட்டை எடுத்து வைத்தேன்.

செப்டம்பர் 19
கொழுந்தன் படகில் முதல் தடவை போய்விட்டு வந்தார். சுட்டுவிரலில் தூண்டில் நரம்பு அறுத்த கோடு. வின்ச் இயந்திரம் வைத்து டன் கணக்கில் இழுத்த மனுஷனுக்குக் கைத்தூண்டில் புதிது. கொழுந்தன் வழியெல்லாம் கிண்டல் செய்தானாம்.

“மருந்து போடவா?”

“இரு.” விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரு மீன் இழுத்துச்சு. ஒண்ணே ஒண்ணு. இத்தனை வருஷம் கடல்ல இருந்தும், ஒரு மீன் எப்படி இழுக்கும்னே எனக்குத் தெரியாதுடி.”

காலையில் சீக்கிரம் எழுப்பச் சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார்.