கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது

இஞ்சாரும்,

நீர் கொட்டாஞ்சேனைக்கு, உம்முடைய அக்கா வீட்டுக்குப் போய்ப் பதினொரு நாள். நான் சுகம். பருப்பு மட்டும் அவிய மறுக்கிறது. பருப்பு வாங்கும் கடையை இரண்டு தரம் மாற்றிப் பார்த்துவிட்டேன்.

"கிணத்துத் தண்ணி கரிக்குது, குடிச்சுப் பாருங்கோவன்" என்று நீர் சொன்னபோது நான் குடித்துப் பார்க்கவில்லை, கணக்குப் போட்டேன். கடல் நீரும் நன்னீரும் மணலுக்குள் கலந்து நகர்வதுதானே என் இருபது வருட ஆராய்ச்சி. வெள்ளவத்தை மணலில் உப்பு எங்கள் கிணற்றை அடைய நாற்பது வருடமாகும் என்று ஏழு பக்கத்தில் நிறுவி, பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

"அப்ப என்ர நாக்கு பொய் சொல்லுதோ?" என்றீர்.

நாக்குச் சொல்வது நிறுவல் ஆகாது என்றேன். நீர் பையை எடுத்தீர்.

இதை எழுதும்போதே மூன்று தரம் எழுந்து கிணற்றடிக்குப் போய்வந்தேன். பின்வளவு அடுக்குமாடியின் மோட்டர் நாள் முழுக்க இறைத்துக் கடலை இந்தப் பக்கம் இழுக்கிறது. என் சமன்பாட்டில் அயலவர் எவரும் தண்ணீர் அள்ளுவதில்லை.

மூன்றாம் தரம் ஒரு மிடறு குடித்தேன். கரிக்கிறது. பருப்பு அவியாததும் இதனால்தான்.

ஆறு பக்கங்களைக் கிழித்துவிட்டேன். கடைசிப் பக்கம் மட்டும் கதவில் இருக்கிறது: ஒருமுறை கலந்தவை தாமாகப் பிரிவதில்லை. அதிலும் பிழையிருந்தால் நேரில் வந்து சொல்லும்.

இப்படிக்கு,
குடித்துப் பார்த்தவன்