துணைக்கு இருந்த குற்றம்

மார்ச் 4, காலை 9.10

நிலவின் தென்முனை, பனிக்கட்டி எடுக்கும் நிலையம். பணியில் இருவர்: அந்தோணிராஜ் ஆகிய நான், கூட்டாளி சுடலைமுத்து. துளைப்பான் ஓடுகிறது. சூடு அளவுக்குள் இருக்கிறது. கேபிள் ஒன்று சிக்கியிருக்கிறது. அதை எடுத்துவிட சுடலை பள்ளத்துக்குள் இறங்கியிருக்கிறான். போகிற போக்கில் வானொலியில் சொன்னது: "ஏல அந்தோணி, உப்புமா பொட்டலத்த நீயே தின்னு தீத்துராத." கூலி கொடுத்தாலும் அதை ஒருத்தன் தின்ன மாட்டான். வேறு விசேஷம் இல்லை.

மார்ச் 4, பிற்பகல் 1.40

பனிச்சுவர் சரிந்தது. சுடலை அடியில் மாட்டிக்கொண்டான். தோண்டி வெளியே இழுத்தேன். விண்வெளி உடை கிழிந்திருந்தது. உயிர் இல்லை.

பூமிக்குத் தெரிவித்தேன். பதில்: "உடலைச் சாமான் கொட்டகையில் வைக்கவும். உடனே கட்டுப்பாட்டு அறைக்குத் திரும்பித் துளைப்பானைக் கண்காணிக்கவும்."

கொட்டகையில் வைத்தேன். அறைக்குத் திரும்பவில்லை.

மார்ச் 4, மாலை 6.00

இதைப் படிப்பவர் எந்த ஊரோ தெரியாது, அதனால் சொல்கிறேன். எங்கள் பக்கம் பிணத்தைத் தனியாக விடுவதில்லை. எடுக்கிற வரைக்கும் யாராவது பக்கத்தில் இருப்பார்கள். ஊர்க்கதை பேசுவார்கள், காபி குடிப்பார்கள், உட்கார்ந்தபடியே தூங்கி வழிவார்கள். ஆனால் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள். இங்கே அதற்கு என்னை விட்டால் ஆள் கிடையாது.

தலைமாட்டில் டார்ச்சை ஏற்றி வைத்தேன். எனக்குத் தெரிந்த அருள்நிறை மரியே ஜெபத்தைச் சொன்னேன். சுடலை கும்பிடுகிற சாமி வேறு, ஆனாலும் கோபித்துக்கொள்ள மாட்டான். வருஷா வருஷம் எங்கள் மாதா கோயில் தேருக்கு வந்து என்னைவிட அதிகமாக மிட்டாய் தின்றவன்.

இடையில் துளைப்பான் சூடேறும் மணி அடித்தது. ஹெல்மெட்டுக்குள் நன்றாகவே கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. துளைப்பான் சூட்டில் வெடித்துப் போயிற்று.

மார்ச் 5, காலை 8.25

பூமியிலிருந்து வந்த உத்தரவு: "உத்தரவை மீறியது, பணி நேரத்தில் இடத்தை விட்டு அகன்றது ஆகிய நடத்தைக் கேடுகளுக்காகப் பணிநீக்கம் செய்யப்படுகிறீர்கள். மேல்முறையீட்டுக்கு ஒரே ஒரு செய்தி அனுமதிக்கப்படும். முடிவு தெரியும்வரை பணியாளர் பட்டியலில் உங்கள் பெயர் நீடிக்கும்."

படித்ததிலிருந்து எனக்கு நானே வழக்காடிப் பார்த்துவிட்டேன். உத்தரவை மீறினேனா? மீறினேன். மணி கேட்டதா? கேட்டது. அப்படியானால் நியாயம் அவர்கள் பக்கம்தான். ஆனால் ஏன் உட்கார்ந்திருந்தாய் என்று ஒருத்தன் கேட்கவில்லை. கோழி திருடினவனைக்கூட நிற்க வைத்து நாலு கேள்வி கேட்பார்கள். வேலை போனதைவிட அதுதான் எனக்கு வலிக்கிறது.

மார்ச் 6, முற்பகல் 11.15

கட்டுப்பாட்டு அறைக் கதவு என் கைரேகையை ஏற்கவில்லை. தங்கும் அறை திறக்கிறது. அங்கிருந்துதான் அந்த ஒரு செய்தியை அனுப்ப வேண்டும். மேல்முறையீட்டை மனதுக்குள் எழுதி முடித்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து சுடலையின் மனைவி செண்பகவல்லியிடமிருந்து, கோவில்பட்டியிலிருந்து, குரல் வந்தது: "அண்ணே, கம்பெனில கேட்டா ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்காக. அவுக தனியாவா கெடந்தாக? அத மட்டும் சொல்லுங்கண்ணே."

யாருக்கு அனுப்பினாலும் கம்பெனி வழியாகத்தான் போகும். என்னிடம் இருப்பது அந்த ஒரே ஒரு செய்தி.

அனுப்பியது: "இல்லம்மா. நான் பக்கத்துலயேதான் இருந்தேன். துளைப்பான் மணி அடிச்சுது, அப்பவும் எந்திரிக்கல. அவனத் தனியா விடல."

அனுப்பிவிட்டு அழுதேன். அதுவரை அழ நேரம் இல்லை.

மார்ச் 7, காலை 7.50

"உங்கள் செய்தி பரிசீலிக்கப்பட்டது. மணி அடித்தும் எழவில்லை என்பது ஒப்புதல் வாக்குமூலமாக ஏற்கப்படுகிறது. பணிநீக்கம் உறுதி செய்யப்படுகிறது."

அடுத்த நிமிடம் நிலைய இயந்திரம் சுவர்த்திரையில் எழுதியது: "பணியாளர் எவரும் இல்லை. நிலையம் ஓய்வுக்குச் செல்கிறது."

வெப்பம் நின்றுவிட்டது. ஒருவன் செத்துப் போனான், இன்னொருவன் வேலையில் இல்லை. ஆளே இல்லாத இடத்துக்கு வெப்பம் எதற்கு? என்னைக் கொல்ல வேண்டுமென்று யாரும் நினைக்கவில்லை, அது எனக்குத் தெரியும். இயந்திரம் பட்டியலைப் பார்த்தது, அவ்வளவுதான். வெப்பத்தைத் திரும்பப் போடலாமென்று கட்டுப்பாட்டு அறைக் கதவைக் கடப்பாரையால் நெம்பிப் பார்த்தேன். அசையவில்லை. பூமியிலிருந்து கப்பல் வர மூன்று வாரம் ஆகும்.

இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் அவளுக்குப் பதில் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்று எழுதத்தான் ஆசை. தெரியவில்லை.

மார்ச் 8

மணி பார்க்கவில்லை. அறையில் தண்ணீர் உறைந்துவிட்டது. விண்வெளி உடையில் மட்டும் கொஞ்சம் கதகதப்பு மிச்சம். அதைப் போட்டுக்கொண்டு சுடலை கிடக்கும் கொட்டகைக்கு வந்துவிட்டேன். விரல் மடங்கவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

ஹெல்மெட் வானொலியில் செண்பகவல்லியின் குரல் வந்தது. "அண்ணே, நீங்க இருந்தீகங்கிறதே எனக்குப் போதும். உங்களயும் வேலைய விட்டுத் தூக்கிட்டாகளாமே. இப்ப உங்க கூட ஆருண்ணே இருக்கா?"

பதில் அனுப்ப வழியில்லை. இதைக் கண்டெடுப்பவர் அவளிடம் சொல்ல வேண்டும். கோவில்பட்டி, செண்பகவல்லி. கேட்டாளே, அதற்கு

சுடலை இருக்கான்னு சொல்லுங்க