பரத் கடைசியாகச் சாப்பிட்டது

காக்களூர்,
வியாழக்கிழமை.

அன்பு மகள் ரம்யாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே அம்மாவுக்கு முட்டிவலி, எனக்குச் சர்க்கரை நூற்று எண்பது, மற்றபடி சுகம். உன் சுகம் ஷைனி சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. ஒரே வீட்டில் குடியிருக்கும் தோழி என்பதால் அந்தப் பெண் பயந்துபோய் எனக்கு மெசேஜ் போட்டாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் நீ எழுந்து தெருவுக்குப் போய்விடுகிறாயாம். அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

போனில் பேசலாமே என்பாய். போனை எடுத்ததும் உன் அம்மா, ஸ்பீக்கரில் போடுங்கள் என்று பக்கத்தில் வந்து நிற்கிறாள். இது அவளுக்குத் தெரியாத விஷயம். சந்திரமோகன் மாமாவின் மகள் ஞாயிற்றுக்கிழமை டப்ளினுக்கு விமானம் ஏறுகிறாள். பருப்புப் பொடியோடு இதையும் உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்கிறேன். தனியாக இருக்கும்போது படி.

பட்டறை நன்றாகவே ஓடுகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் புதிதாக ஒரு கம்பெனி சரக்கு அடுக்க மாதம் நானூறு மரப் பேலட் கேட்கிறது. நம் ஆட்கள் போதவில்லை. ஆனால் பெட்டிகளுக்கு மூடி அடிக்கும் நேரம் வந்தால் நான் வெளியே போய்விடுகிறேன். மேஸ்திரி துளசிராமன் ஒருநாள், "இன்னா மொதலாளி, மூடி அடிக்கறப்பல்லாம் கரெக்டா டீ குடிக்கப் போயிட்ற" என்று கேட்டான். சர்க்கரை இல்லாத டீ அந்த நேரத்தில்தான் கடையில் கிடைக்கும் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஏன் போகிறேன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். போன அக்டோபரில் உன்னோடு படித்த பரத்தின் உடல் பெட்டியில் மீனம்பாக்கம் கார்கோவுக்கு வந்தபோது, எனக்கு அங்கே பழக்கம் உண்டு என்பதால் அவன் அப்பா ஏழுமலை என்னைக் கூட்டிப்போனார். பழவேற்காட்டில் அவர்கள் வீட்டு வாசலில் இறக்கினோம். வெளிப்பெட்டியைக் கழற்றத் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். பதினான்கு ஸ்குரூ. நல்ல பைன் மரம், சுத்தமான வேலை. இது நம்மூரில் செய்தால் என்ன விலை வரும் என்று என் புத்தி கணக்குப் போட்டது. ரம்யா, அந்தப் பையனின் பெட்டியைக் கழற்றிக்கொண்டு நான் மரத்துக்கு விலை போட்டேன். உள்ளே இருந்த தகரப் பெட்டியைத் திறக்கக் கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தது. முகம் பார்க்காமலே அடக்கம் செய்தார்கள்.

ஸ்குரூ டிரைவரைக் கீழே வைக்கும்போதுதான் அவன் அம்மா கோவிந்தம்மா என் கையைப் பிடித்துக் கேட்டார். "அண்ணே, உம் பொண்ணு கூடத்தானே இருந்துச்சு. எம்புள்ள கடைசியா இன்னா துண்ணான்? படையலுக்கு வைக்கணும், சொல்லுண்ணே."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். முப்பது வருஷமாக யார் எதைக் கேட்டாலும் தெரியாது, இல்லை என்ற இரண்டு வார்த்தைகள் என் வாயில் வந்ததில்லை. அப்படித்தான் ஒற்றை ரம்பத்தோடு ஆரம்பித்து இந்தப் பட்டறை வரை வந்தேன். அந்தப் பழக்கத்தில், எலுமிச்சைச் சோறு, என் பெண் கட்டிக்கொண்டுபோனாள், ரசித்துச் சாப்பிட்டானாம் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா என் கையை விட்டுவிட்டு உள்ளே போய் அரிசி களைந்தார்.

அதிலிருந்து ஒவ்வொரு அமாவாசைக்கும் அவர்கள் மாடிச் சுவரில் இலை போட்டு எலுமிச்சைச் சோறு வைக்கிறார்கள். பதினோரு அமாவாசை ஆயிற்று. ஒருமுறைகூடக் காக்கை தொடவில்லை. சிப்காட்டில் லோடு இறக்கிவிட்டு நானே நாலு தடவை போய் நின்று பார்த்தேன். கீழே மீன் ஏலம் போடும் இடத்தில் நூறு காக்கை. மேலே இலைக்கு ஒன்று வரவில்லை. அவனுக்கு ஏதோ குறை இருக்கிறது என்று கோவிந்தம்மா அழுகிறார்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று உனக்குத் தெரியும். மீன் கிடைக்கும் ஊரில் காக்கை எதற்குச் சோறு தின்னும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். திரும்பி வந்து, உன் அம்மாவிடம் எலுமிச்சைச் சோறு கிளறச் சொல்லி, பட்டறைச் சுவரில் ஒரு பிடி வைத்தேன். இரண்டு நிமிஷம் ஆகவில்லை, தீர்ந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கே காக்கை கரைந்தாலும் யாரோ என்னிடம் கேள்வி கேட்பதுபோல இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன். வருஷத் திதி வருகிறதே, என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கத்தான். கோவிந்தம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் சொன்னார்: "எலுமிச்சச் சோறு அவன் சின்னதுலேந்து தொடமாட்டாண்ணே. வாசன வந்தாலே மூக்கப் புடிச்சிக்கினு ஓடுவான். அந்த ஊருக்குப் போயி மாறிட்டான் போலன்னு நெனச்சிக்கினேன். அம்மாவுக்குத் தெரியாத புள்ளையா ஆயிட்டான் போலன்னு."

அங்கேயே தரையில் உட்கார்ந்து, நான் சொன்னது பொய், எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். கையில் இருந்த இறாலை உரித்து முடித்தார். பிறகு, "அப்ப எம்புள்ள மாறலியா" என்றார். அடுத்த இறாலை எடுத்துக்கொண்டு, "உம் பொண்ணுக்குத் தெரியுமாண்ணே" என்றார். தெரியும் என்றேன்.

எனக்கு ஏன் தெரியாது என்று இப்போது எழுதுகிறேன். அவன் போன அன்றைக்கு லிஸ்பனிலிருந்து நீ போன் செய்தாய். படிப்புக்கு ஒரு வாரம் லீவு, ஆறு பேர், மூன்று நாள் ஊர்சுற்றல், டிராமில் ஏறி நீங்கள் எடுத்த போட்டோவை முந்தின நாள்தான் எல்லோருக்கும் காட்டியிருந்தேன். நீ அழுதுகொண்டே, "நான்தாம்பா சொன்னேன், பழவேற்காட்டுக்காரன் கடலப் பாத்துப் பயப்படுறியான்னு. எல்லாரும் சிரிச்சோம்பா. அதுக்கப்புறம்தான் எறங்கினான்" என்றாய். மேலே ஏதோ சொல்ல வந்தாய். நான் சொல்லவிடவில்லை. போனில் வேண்டாம், யாரிடமும் வேண்டாம், போலீஸ் கேட்டால் அவனாகத்தான் இறங்கினான் என்று சொல், விசா போய்விடும் என்றேன். பையன் இன்னும் கரை சேராத நேரத்தில் உன் அப்பன் பேசிய பேச்சு அது. நீ சொல்ல வந்த மீதி என்ன என்று இந்த நிமிஷம் வரை நான் கேட்கவில்லை.

மீனவர் வீட்டுப் பிள்ளை, நீந்துவான் என்று நீங்கள் நினைத்ததில் தப்பில்லை. நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அவர்கள் ஏரியில் பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான், நடந்தே வலை இழுக்கலாம். அதுவும் அவனை ஆறாம் வகுப்பிலேயே ஹாஸ்டலில் போட்டுவிட்டார்கள். இந்தப் பிள்ளையாவது தண்ணீரில் இறங்க வேண்டாம் என்று ஏழுமலை எடுத்த முடிவு. அவனுக்கு அலை தெரியாது. அதைச் சொல்லிக்கொள்ள ஐந்து பேர் முன்னால் அவனுக்கு வெட்கமாக இருந்திருக்கும்.

விமான நிலையத்தில் உங்களை அனுப்பிய அன்று, பெண்ணைப் பார்த்துக்கொள் தம்பி என்று அவனிடம் சொன்னவன் நான். அவன் அம்மாவை அவன் யாரிடம் விட்டுப்போனான் என்று யோசித்துப் பார்த்தேன்.

நீ கேலி செய்ததை நான் கோவிந்தம்மாவிடம் சொல்லவில்லை. மறைக்கும் எண்ணத்தில் இல்லை, அதை நீ சொல்ல வேண்டும் என்பதால். விசாவைப் பற்றிப் பயப்படாதே, ஏதாவது வந்தால் திரும்பி வா, பட்டறை இருக்கிறது. உன் அம்மாவுக்கு இன்று இரவே எல்லாம் சொல்லப் போகிறேன்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை திதி. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நான் கோவிந்தம்மா வீட்டில் இருப்பேன். உனக்கு அப்போது விடியற்காலை, எழுந்திரு. அவர் நம்பரை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். என் போனுக்கு வேண்டாம், அவருக்கே நேராகப் போடு. அவன் என்ன சாப்பிட்டான் என்று சொல். எதுவும் சாப்பிடவில்லை என்றால் அதையும் சொல். பிறகு மற்றதையும் சொல். நான் அன்று வாயடைத்த இடத்திலிருந்து ஆரம்பி.

அவர் திட்டலாம், சாபம்கூட விடலாம். பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன், என் பங்கை நான் வாங்கிக்கொள்கிறேன். அவர் எதுவும் பேசாமல் இருந்தால் நீயும் சும்மா இரு. அவராக வைக்கும்வரை போனை நீ வைக்காதே, கண்ணு.

நீ நூறு வயது நன்றாக வாழ வேண்டும்.

உன் அப்பா,
அருணகிரி.