என் தலை விழாத சடங்கு வீடியோ

இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். நீதான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் மானத்தோடு போய்ச் சேர்ந்திருப்பாய்.

நேற்று சாயங்காலம் கரிவலம்வந்தநல்லூரில் ஒரு கல்யாண வரவேற்பு. எவனோ பழைய காலத்து வீடியோ லைட்டைக் கொண்டுவந்து மேடைக்கு நேரே நிறுத்தியிருந்தான். அதில் பூச்சி விழுந்து கருகுகிற வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் வீடியோ கடை வாசனை அது. நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. இப்படி வந்தாவது என் பந்தியைக் கெடுக்கிறாயே பாவி என்று வாய்விட்டே திட்டிவிட்டேன். பக்கத்து இலைக்காரர் தன்னைத்தான் சொல்கிறேன் என்று முறைத்தார்.

என் கோபம் உனக்குத் தெரியாததல்ல. என் தங்கை மகள் கோமதிக்குச் சடங்கு வைத்தபோது நான் கொண்டுபோன மாமன் சீரை இந்த ஊர் இன்னும் பேசுகிறது. முதல் தாம்பாளம் தங்கை வீட்டுக்குள் நுழையும்போது கடைசித் தாம்பாளம் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டையே தாண்டவில்லை. மேளக்காரர்கள் நடுவழியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். நான் பட்டுச் சட்டையில் மாலையோடு நின்றபோது கூட்டம் மொத்தமும் என்னைத்தான் பார்த்தது. உன் கேமரா மட்டும் பார்க்கவில்லை.

வீடியோ வந்ததும் குடும்பத்தோடு உட்கார்ந்து போட்டோம். மாலை வந்தது. மோதிரம் போட்ட இரண்டு கை வந்தது. கழுத்துக்கு மேலே ஆளைக் காணோம்.

"எம்மா, மாமாக்குத் தலைய எங்கம்மா?" என்று கோமதி கேட்டாள்.

உன் கடைக்கு வந்து கத்தினேன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் என்ற ஈவிரக்கம் உனக்குக் கொஞ்சமும் இல்லை. "ஏலே, சடங்கு புள்ளைக்கா, ஒனக்கா? அவ உக்காந்திருக்கா, நீ பனமரம் மாதிரி நிக்க. நான் யாருக்குக் கேமராவ வைக்கது?" என்றாய். கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். உன் தொழிலை வைத்தே உன்னைத் தோற்கடிப்பது என்று அங்கேயே நின்று முடிவு செய்தேன்.

நான் எட்டாம் வகுப்போடு வெளியே வந்தவன். என் கேள்விகளுக்கு வாத்தியார்களால் ஈடுகொடுக்க முடியவில்லை, அதுதான் காரணம். ஆகவே கோமதியைத் தயார் செய்தேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அவளைப் பல்கலைக்கழகத்தில் தொடர்பியலும் ஊடகத் தயாரிப்பும் படிக்கச் சேர்த்துவிட்டேன். துறைத் தலைவர் என்னோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு, நீங்களே வாரம் ஒரு வகுப்பு எடுக்கலாமே என்று கெஞ்சினார். நேரமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் லீவுக்கு வந்தவள், "மாமா, ஆளை எடுக்கும்போது தலைக்கு மேல கொஞ்சம் எடம் விடணும். அதுக்கு ஹெட்ரூம்னு பேரு. மொத கிளாஸ்லயே சொல்லிட்டாவ" என்றாள்.

முதல் வகுப்பிலேயே! செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் உன் கடைக்கு ஓடிவந்து சொன்னேன். நீ லென்ஸைத் துடைத்துக்கொண்டே, "கேமரா தூக்குத வேலைக்கு யுனிவர்சிட்டியாலே? இங்கன அனுப்பு, லைட்டு புடிக்கச் சொல்லித் தாரேன்" என்றாய்.

அந்தப் பேச்சு என் தங்கை புருஷன் காதுக்குப் போனது. மச்சானுக்குக் கேமரா விஷயத்தில் நீ சொன்னால்தான் சொல். இரண்டாம் வருஷத்தில் கோமதி ஒரு படம் எடுத்தாள். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முன்னால் நூற்றெட்டு முறை கோவிலைச் சுற்றுகிறார்களே, அந்தச் சுற்றுதான் படம். அதிலும் பாதங்கள் மட்டும். வெடித்த குதிகால், மருதாணி, ஒரு கிழவரின் கட்டுப்போட்ட பெருவிரல். ஒரு முகம் கிடையாது. படத்தைப் பார்க்காமலே, காதில் கேட்டதை வைத்து, "ஏலே, ஒங்க குடும்பத்துக்கே தலை ஆகாதோ?" என்று பஜாரில் வைத்துக் கேட்டாய்.

மச்சான் அன்றைக்கே சொல்லிவிட்டார். "கடைசி வருசத்துக்கு அனுப்பல. மாப்பிள்ள பாக்கேன். கேமராக்காரனே சிரிக்கான். அவன் வாயால நல்லாருக்குன்னு ஒரு வார்த்த வரட்டும், அனுப்புதேன்."

கோமதி லேப்டாப்பைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். அழுதிருந்தால்கூட நான் ஏதாவது கதை சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன்.

அந்த வாரமே உனக்கு நெஞ்சுவலி. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்றார்கள். ஊரில் எல்லோரும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள். நான் லேப்டாப்போடு வந்தேன்.

படத்தைப் போட்டேன். நீ இமை கொட்டாமல் பார்த்தாய். நர்சுகள் கூடிவிட்டார்கள். டாக்டர் வந்த வேலையை மறந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். படம் முடிந்ததும் நீ என் கையைப் பிடித்தாய். "ஏலே, நான் தோத்துட்டேன். இந்தப் புள்ளைய நிறுத்தக் கூடாதுன்னு ஒன் மச்சான்ட்ட சொல்லு" என்றாய். மறுநாள் நீ போய்விட்டாய். மச்சானால் அதற்கப்புறம் வாயைத் திறக்க முடியவில்லை. செத்தவன் வாக்கு அல்லவா?

கோமதி கடைசி வருஷத்தை முடித்துவிட்டாள். அடுத்த வாரம் சென்னையில் எடிட்டிங் வேலைக்குச் சேருகிறாள். நீ தோற்ற கதையைக் குருவிகுளம் வரைக்கும் நான் கொண்டுபோய்ச் சேர்த்தாயிற்று. உன் மகனே வந்து, "அப்பா கடைசில அப்டியா மாமா சொன்னாவ?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். பஜாரில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் இப்போது உன்னைச் சொல்லித் தலையாட்டுகிறார்கள். கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. இனியும் சொல்லுவேன், உயிர் இருக்கும்வரை.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். அன்றைக்கு டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. நீ கண்ணைத் திறக்கவே இல்லை. லேப்டாப்பை உன் காதோரம் வைத்துப் படத்தை முழுவதும் ஓட்டினேன். கல்தரையில் பாதங்கள் நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது. முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், நக்கலாக எதையாவது சொல்லித் தொலைவாய் என்று. நீ சொல்லவில்லை. மாடிப்படி இறங்கும்போது உனக்கான வார்த்தையை நானே கட்டினேன். கீழே வந்ததும் மச்சானுக்குப் போன் போட்டேன்.